மலையேறிய பூக்கள்

மலை, பூ என்ற இரண்டு வார்த்தைகளையும் ஒரே மூச்சில் சொன்னால் தமிழ் வாசகர் உடனே குறிஞ்சியை நினைத்துக் கொள்வார். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மலையை நீலமாக்கும் அந்தப் பூவைப் பற்றி எழுதாத எழுத்தாளர் இல்லை. பார்க்காமலே எழுதியவர்களும் உண்டு. நான் சொல்லப் போவது வேறு மலைகளைப் பற்றி, வேறு பூக்களைப் பற்றி. ஆல்ப்ஸ், ஸியரா நெவாடா, ராக்கி என்று பெயர்கள் வரும். செடிகளின் பெயர்களும் கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருக்கும். ஆனால் கேள்வி என்னவோ நாவலாசிரியன் தினமும் எதிர்ப்படுகிற கேள்விதான்.

ஒருவன் ஏன் அப்படி இருக்கிறான்? அவன் பிறந்து வளர்ந்த இடம் அவனை அப்படிச் செய்துவிட்டதா, அல்லது அப்படிப்பட்டவன்தான் அந்த இடத்தில் தாக்குப் பிடிக்க முடியும் என்பதால் அவன் அங்கே மிஞ்சியிருக்கிறானா? நாவலில் இதற்கு இரண்டு விதமாகவும் பதில் எழுதிவிட்டுத் தப்பித்துக் கொள்ளலாம். பூவின் விஷயத்தில் அப்படித் தப்பிக்க முடியவில்லை. அங்கே ஒரு பதில்தான் சரியாக இருக்க முடியும். அதைக் கண்டுபிடிக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இடையில் இந்தக் கேள்வியின் பேரில் உயிர்ச்சேதமும் நடந்தது.

மலை ஏற ஏறச் செடிகள் மாறுகின்றன என்பது மலையேறியவர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை முறையாகப் படம் வரைந்து காட்டி உலகத்தை மூக்கில் விரல் வைக்கச் செய்தவர் ஹம்போல்ட் என்ற ஜெர்மானியர். 1802 ஜூனில் தென் அமெரிக்காவின் சிம்பராஸோ சிகரத்தில், உச்சிக்குச் சற்றுக் கீழே வரை அவர் ஏறினார். திரும்பி வந்து, 1807-ல் அந்த மலையைப் பாதியாக வெட்டிக் காட்டுவது போல ஒரு படம் வெளியிட்டார். மலையின் வயிற்றுக்குள்ளே, எந்த உயரத்தில் எந்தச் செடி என்று பொடி எழுத்தில் பெயர்கள். அடிவாரத்தில் பனை, வாழை; மேலே புல்; அதற்கும் மேலே பாசி; பிறகு பனி. எந்தப் படியில் எந்தச் செடி வாழ்கிறது என்பதை அந்தப் படம் சொல்லிற்று. அது ஏன் அந்தப் படியில் வாழ்கிறது என்பதைச் சொல்லவில்லை.

பூக்களைத் தேடி வரும் பூச்சிகளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று தோன்றியது ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு. ஹெர்மன் முல்லர் என்று பெயர். ஜெர்மனியில் லிப்ஷ்டாட் என்ற சின்ன ஊரில் பையன்களுக்கு இயற்கை சாஸ்திரம் சொல்லிக் கொடுத்தவர். கோடை விடுமுறை வந்தால் மற்ற வாத்தியார்கள் என்ன செய்வார்களோ, இவர் ஆல்ப்ஸ் மலைக்குப் போய்ப் பூவுக்குப் பூ உட்கார்ந்து, எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சி வந்தது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக் கொள்வார். சமவெளியில் தேனீக்களின் ராஜ்யம். மேலே போகப் போகத் தேனீக்களின் பங்கு குறைந்து, வண்ணத்துப்பூச்சிகளும் ஈக்களும் பெருகுகின்றன. அதற்கேற்ப, மலைப்பூக்களில் பலவும் வண்ணத்துப்பூச்சியின் நீண்ட குழலுக்குத் தக்கபடி அமைந்திருக்கின்றன. இதையெல்லாம் 1881-ல் ஆல்ப்ஸ் மலைப் பூக்களைப் பற்றிய பெரிய புத்தகமாக எழுதினார்.

இந்த மனிதருக்கு நேர்ந்த தொல்லையையும் சொல்ல வேண்டும். டார்வினின் கொள்கையைப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார் என்று 1870-களில் அவர் மீது பெரிய புகார் எழுந்தது. பத்திரிகைகளில் ஏசினார்கள், விஷயம் பிரஷ்ய சட்டசபை வரைக்கும் போயிற்று. ஒரு சின்ன ஊர் வாத்தியார், சட்டசபையில் தன் பெயர் அடிபடும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார். ஆனால் அவருடைய முந்திய புத்தகம் ஒன்று இங்கிலீஷில் வந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவர் சாக்ஷாத் டார்வினே. 1883-ல் அந்த மொழிபெயர்ப்பு வெளிவந்தது. முன்னுரை எழுதியவர் அதற்கு முந்திய வருஷமே காலமாகிவிட்டார். அதே 1883-ஆம் வருஷக் கோடையில், ஆல்ப்ஸ் பக்கத்துக்குப் போயிருந்த இடத்தில் முல்லரும் இறந்தார். அவர் குறித்து வைத்த கணக்குகள் மட்டும் இன்றைக்கும் பயன்படுகின்றன. வாத்தியார்களில் இப்படியும் உண்டு.

சரி, கேள்விக்கு வருவோம். உயரத்தில் வளரும் செடி குட்டையாக, தரையோடு ஒட்டி, பெரிய வேரும் சின்ன இலையுமாக இருக்கிறது. கீழே வளரும் அதன் உறவுச் செடி உயரமாக, கிளை விட்டு நிற்கிறது. கீழ்ச் செடியைக் கொண்டுபோய் மேலே நட்டால் என்ன ஆகும்?

பிரான்ஸில் காஸ்தோன் போனியே என்ற தாவர சாஸ்திரி இதைச் செய்து பார்த்தார். அவர் யுக்தி மிகவும் நல்ல யுக்தி. ஒரே செடியை வேரோடு இரண்டாக வகிர்ந்து, ஒரு பாதியைச் சமவெளியிலும் மற்றப் பாதியை ஆல்ப்ஸ் அல்லது பிரெனீஸ் மலையிலும் நட்டார். இரண்டும் ஒரே செடி. ஆகவே வித்தியாசம் வந்தால் அது இடத்தால் வந்த வித்தியாசம். 1880-களில் தொடங்கிப் பல வருஷம் கழித்து, சமவெளிச் செடிகள் சில அசல் மலைச்செடிகளாகவே மாறிவிட்டன என்று அறிவித்தார். ஒரு ஜாதி இன்னொரு ஜாதியாகிவிட்டது! அமெரிக்காவில் ஃப்ரெடரிக் கிளெமென்ட்ஸ் என்பவரும் கொலராடோ ராஜ்யத்தின் பைக்ஸ் சிகரத்துச் சரிவில் ஓர் ஆராய்ச்சி சாலை வைத்துக்கொண்டு இதே மாதிரிதான் சொன்னார். அவர் மனைவி ஈடித்தும் தாவர சாஸ்திரிதான். பூக்களைப் படமாக வரைந்தார், மோட்டார் ஓட்டினார், கெட்டுப்போனால் பழுதும் பார்த்தார். கணவர் சொன்ன முடிவை விட இந்த அம்மாள் வரைந்த படங்கள் அதிக நாள் நின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

இவர்கள் சொன்னது எல்லோருக்கும் பிடித்திருந்தது. பிடிக்காமல் என்ன? இடம் மாறினால் குணம் மாறும், மாறிய குணம் பிள்ளைகளுக்கும் போகும் என்றால், கவலையே இல்லையே! நல்ல இடத்தில் கொண்டு வைத்தால் போதும், நாற்றங்காலில் இருந்து பெரிய மனிதர்களைப் பறித்து எடுக்கலாம்.

ஸ்வீடன் தேசத்தில் கோட்டே துரேஸோன் என்பவர் 1922-ல் வேறு மாதிரி சொன்னார். கடற்கரையிலும் காட்டிலும் மலையிலும் வளரும் ஒரே ஜாதிச் செடிகளைத் திரட்டி வந்து, ஒரே தோட்டத்தில், ஒரே மண்ணில், ஒரே தண்ணீர் விட்டு வளர்த்தார். தோட்டத்துக்கு வந்த பிறகும் அவை தங்கள் தங்கள் வித்தியாசங்களை விடவில்லை. குட்டை குட்டையாகவே இருந்தது. ஆக, வித்தியாசம் ரத்தத்தில் இருக்கிறது. செடிக்கு ரத்தம் ஏது என்று கேட்காதீர்கள். பரம்பரையில் இருக்கிறது என்று அர்த்தம்.

யார் சொல்வது சரி? இதைத் தீர்த்து வைக்க இறங்கியவர்கள் கலிபோர்னியாவில் மூன்று பேர். கார்னகி ஸ்தாபனத்தின் பணத்தில், ஹார்வி ஹால் என்ற தாவர சாஸ்திரி மலைத் தோட்டங்களுக்கு அஸ்திவாரம் போட்டிருந்தார். அவர் கிளெமென்ட்ஸுடன் சேர்ந்து புத்தகம் எழுதியவர். ஆனால் செடிகள் ஜாதி மாறுகின்றன என்ற விஷயத்தில் மட்டும் அவருக்கு நம்பிக்கை விழவில்லை. 1932-ல் ஹால் இறந்து போனார். அதற்கு முந்திய வருஷம்தான் டென்மார்க்கிலிருந்து யென்ஸ் கிளாஸன் வந்து சேர்ந்திருந்தார். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வயலில் களையாக முளைக்கிற காட்டுப் பான்ஸிப் பூக்களை ஆராய்ந்து பெயர் வாங்கியவர். அவருடன் டேவிட் கெக், வில்லியம் ஹீஸி. ஒருவர் பரம்பரை சாஸ்திரம் பார்ப்பார், ஒருவர் செடிகளை இனம் பிரிப்பார், ஒருவர் செடிக்கு உள்ளே நடக்கும் சமாசாரங்களைக் கவனிப்பார். மூன்று தவில் ஒரே மேடையில் ஏறினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். இவர்கள் வருஷக்கணக்கில் தாளம் தப்பாமல் வேலை செய்தார்கள்.

இடத்தைப் பாருங்கள். பஸிபிக் சமுத்திரக் கரையிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 320 கிலோமீட்டர். ஸ்டான்ஃபோர்டில் ஒரு தோட்டம். கடல் மட்டத்துக்கு மேல் வெறும் 30 மீட்டர். அங்கே பனிக்காலம் என்றாலும் பச்சைதான். மேதர் என்ற இடத்தில் இன்னொன்று. பைன் மரக் காட்டுக்கு நடுவே 1,400 மீட்டர். மூன்றாவது, மரங்கள் நின்று போகும் எல்லையில், 3,050 மீட்டர் உயரத்தில். அதற்குப் பெயரே டிம்பர்லைன், மர எல்லை. அங்கே வருஷத்தில் முக்கால்வாசி நாள் பனி மூடிக் கிடக்கும். செடிக்குக் கிடைப்பது இரண்டு மாதத்துக்குச் சற்று அதிகம். அதற்குள் முளைத்து, இலை விட்டு, பூத்து, விதை போட்டுவிட வேண்டும்.

போனியேயின் யுக்தியையே எடுத்துக் கொண்டார்கள். ஒரு செடியை மூன்றாகப் பிரித்து மூன்று தோட்டத்திலும் நட்டார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் இவர்கள் கறார். ஒவ்வொரு செடிக்கும் எண், அட்டை, அளவு. தோட்டத்தைச் சுற்றி வேலி. பக்கத்துக் காட்டுச் செடி ஒன்று விதை விழுந்து உள்ளே முளைத்தால் உடனே பிடுங்கு. போனியேயின் மலைத் தோட்டங்களில் என்ன நடந்திருக்கும் என்பதற்கு அவர்கள் சொன்ன விளக்கம் இதில்தான் இருக்கிறது. நட்டு வைத்த சமவெளிச் செடி குளிரில் செத்துப் போகும். அந்த இடத்தில் அக்கம்பக்கத்தில் இருக்கும் அசல் மலைச்செடி, அதன் ஒன்றுவிட்ட சகோதரன், மெள்ள நுழைந்து உட்கார்ந்து கொள்ளும். அட்டை மட்டும் பழைய அட்டை. வருஷம் கழித்து வந்து பார்ப்பவர், ஆகா, மாறிவிட்டதே என்று ஆச்சரியப்படுவார். பண்ணையார் வெளியூர் போயிருக்கும்போது வீட்டில் வேறொருவன் வந்து பண்ணையாராக உட்கார்ந்து கொள்ளும் கதை நம் பக்கத்தில் இல்லாததா?

முதலில் பொட்டென்டில்லா என்ற பிசுபிசுப்பான இலையுள்ள செடி. கடற்கரைப் பக்கத்து இனத்தை டிம்பர்லைனில் நட்டார்கள். குளிர் தாங்காமல் மாண்டது. மலையுச்சி இனத்தை ஸ்டான்ஃபோர்டில் நட்டார்கள். சாகவில்லை, ஆனால் பனிக்காலம் வந்தவுடன், பனியே விழாத அந்த ஊரில், உறங்கப் போய்விட்டது! பக்கத்தில் கடற்கரைச் செடி பச்சைப்பசேலென்று வளர்ந்து கொண்டிருக்கிறது. இது மட்டும் ஆகாயத்தில் இல்லாத பனியைத் தன் உள்ளே வைத்துக்கொண்டு தூங்குகிறது. இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்தது இன்னொரு செடி. இங்கிலீஷில் அதற்கு 'யாரோ' என்று பெயர். நான் வேடிக்கை பண்ணவில்லை, நிஜமாகவே யாரோதான். வெள்ளைப் பூங்கொத்து வைக்கும் சாதாரணக் களைச்செடி. கடற்கரையிலிருந்து மலையைத் தாண்டி அந்தப் பக்கம் வரை எங்கும் இருப்பது. படிப்படியாக ஒவ்வோர் உயரத்திலிருந்தும் விதை எடுத்து வந்து ஸ்டான்ஃபோர்டில் ஒரே தோட்டத்தில் விதைத்தார்கள். முளைத்த செடிகளை, தாய்ச் செடி இருந்த உயரப்படி வரிசையாக வைத்துப் பார்த்தால், மலையின் மேற்புறச் சரிவே தோட்டத்தில் தலைகீழாக வந்து நிற்கிறது. உச்சியிலிருந்து வந்தது முழங்காலைத் தொடாது. கீழிருந்து வந்தது நெடுநெடுவென்று நிற்கிறது. இடம் மாறினால் செடி கொஞ்சம் குட்டையாகும், கொஞ்சம் நீளும், அது உண்மை. ஆனால் எந்த யாரோவும் வேறு யாரோவாக மாறவில்லை.

1940-ல் ஒரு தொகுதி, 1948-ல் இந்த யாரோவைப் பற்றிய தொகுதி என்று அவர்கள் வெளியிட்டார்கள். மலை ஒரு செடியைத் தன் விருப்பப்படி செய்வதில்லை. தலைமுறை தலைமுறையாகச் சலித்து எடுக்கிறது. பிறகு உச்சி இனத்தையும் கீழ் இனத்தையும் கலந்து பார்த்தார்கள். பேரப்பிள்ளைத் தலைமுறையில் எல்லா விதமும் வந்தன. தூங்குவது, தூங்காதது, நெட்டை, குட்டை, பாதி நெட்டை. அவற்றில் சில மூன்று தோட்டத்திலும் நன்றாகவே வளர்ந்தன. ஒரு குணத்துக்குப் பின்னால் ஒன்றல்ல, பல மரபணுக்கள் இருக்கின்றன என்று அதிலிருந்து தெரிந்தது.

அந்த 1948-ஐ மறுபடியும் நினைத்துப் பாருங்கள். அதே வருஷம் ஆகஸ்டு மாதம் மாஸ்கோவில் விவசாய சாஸ்திர சபை கூடிற்று. லைஸென்கோ என்பவரின் கட்சிதான் சரி, பரம்பரை சாஸ்திரம் பொய் என்று அங்கே தீர்மானமாயிற்று. லைஸென்கோ சொன்னது என்ன? இடமும் வளர்ப்பும் செடியை மாற்றும்; மாறியது பரம்பரையாகப் போகும். போனியேயும் கிளெமென்ட்ஸும் சொன்னதன் தம்பிதான். கோதுமைக் கதிரிலேயே ரை தானியம் விளைந்துவிட்டது என்று கூடச் சொன்னார்கள். கோதுமை மூட்டையில் ரை விதை கலந்திருக்காதா என்று கேட்க அங்கே யாருக்கும் தைரியம் இல்லை. கேட்கக் கூடியவர் ஒருவர் இருந்தார்: நிகொலாய் வாவிலோவ். உலகத்தின் மலைச்சரிவுகளிலெல்லாம் அலைந்து தானிய விதைகளைச் சேகரித்தவர். அவரை 1940-ல், விதை தேடிப் போயிருந்த இடத்திலேயே கைது செய்தார்கள். 1943 ஜனவரியில் ஸராடோவ் சிறைச்சாலையில் அவர் இறந்தார். நாட்டுக்கே விதை சேர்த்தவருக்குச் சிறையில் வயிற்றுக்குச் சோறு இல்லை. பிரெஞ்சுக்காரர் தப்புச் செய்தார், யாருக்கும் நஷ்டமில்லை. அதே தப்பின் கையில் அதிகாரம் கிடைத்தபோது நடந்தது இது.

வேலி போட்டுக் களை பிடுங்கிய அந்த மூன்று பேரையும் நான் வீரர்கள் என்று சொல்லப் போவதில்லை. அவர்கள் இருந்தது பத்திரமான தேசம். அவர்களுடைய வேலையை மட்டும் மாஸ்கோ சபைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

இதுவரை செடியின் உடம்பைப் பற்றிச் சொன்னேன். பூ என்பது செடியின் உடம்பைப் போல் தனக்காக மட்டும் இருப்பதில்லை. அது இன்னொருவர் கண்ணுக்காக ஏற்பட்டது. குளிருக்குத் தாங்கினால் மட்டும் போதாது. வருகிறவருக்குப் பிடித்திருக்கவும் வேண்டும். மலையின் ஒவ்வொரு படியிலும் வருகிறவர் வேறாக இருந்தால்?

அதே ஸியரா நெவாடாவில் கொலம்பைன் என்ற பூவில் இரண்டு ஜாதி. கீழே, ஓடைக்கரை ஈரத்தில் வளர்வது சிவப்பும் மஞ்சளுமாகத் தலை குனிந்து தொங்கும். ஹம்மிங் பறவை கீழிருந்து மேலாக அலகை நீட்டித் தேன் குடிக்கும். மேலே, பாறைச் சரிவில் வளர்வது வெளிறிப் போய், தலை நிமிர்ந்து, நீளமான தேன்குழல்களுடன் நிற்கும். அந்தி மயங்கியதும் பெரிய விட்டில்பூச்சிகள் அந்தரத்தில் நின்றபடியே நீண்ட நாக்கை உள்ளே விட்டுக் குடிக்கும். 1952-ல் வெர்ன் கிரான்ட் என்பவர் இவற்றைப் பற்றி எழுதினார். இரண்டையும் கையால் கலந்தால் கலக்கின்றன. நடு உயரத்தில் கலப்புச் செடிகள் கூட்டமாக இருக்கவும் செய்கின்றன. பின்னால் 1999-ல் இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள், நிமிர்ந்து நிற்கும் மேல்ஜாதிப் பூவைத் தலை குனிய வைத்துக் கட்டிப் பார்த்தார்கள். விட்டில்களின் வருகை பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. தலை குனிந்ததற்கு இவ்வளவு தண்டனை! தேன்குழலைச் சுருக்கியபோதோ விட்டில்கள் வழக்கம்போலவே வந்தன. ஆனால் மகரந்தத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. நாக்கு முழுவதும் உள்ளே போக வேண்டிய அவசியம் இல்லாததால் தலை பூவில் படவேயில்லை.

இதைவிட அழகான கதை குரங்குப்பூவினுடையது. முகத்தைப் பார்த்தால் குரங்கு மாதிரி இருக்கிறதாம். எனக்குப் படங்களில் அப்படித் தெரியவில்லை. மிமுலஸ் என்பது அதன் பழைய சாஸ்திரப் பெயர். 2012-ல் தாவர சாஸ்திரிகள் கூடி அந்தக் குடும்பத்தையே பிரித்து இந்தச் செடிகளுக்கு எரித்ராந்தி என்று புதுப் பெயர் வைத்தார்கள். செடிகளை விடச் செடிகளின் பெயர்கள்தான் வேகமாகப் பரிணமிக்கின்றன. நான் பழைய பெயரையே வைத்துக் கொள்கிறேன்.

இதிலும் இரண்டு ஜாதி. ஒன்று 'கார்டினாலிஸ்', கார்டினல் பாதிரிமார் அங்கியின் செந்நிறம். சமவெளியிலிருந்து சுமார் 2,000 மீட்டர் வரை. இதழ்களைப் பின்பக்கம் மடித்துக் கொண்டு, மகரந்தத் தாளையும் சூல்முடியையும் வெளியே நீட்டிக் கொண்டிருக்கும். தேன் ஏராளம். பறவை அந்தரத்தில் நின்று குடிக்கும்போது அதன் நெற்றியில் மகரந்தம் ஒட்டும். மற்றது 'லூயிஸி', அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்காகக் கடந்த லூயிஸ் என்ற யாத்திரிகரின் பெயர். சுமார் 1,600 மீட்டரிலிருந்து 3,000 மீட்டர் வரை. வெளிர் ரோஜா நிறம். இறங்கி உட்காரத் திண்ணை மாதிரி அகன்ற இதழ், உள்ளே போகும் வழியைக் காட்டும் மஞ்சள் கோடுகள், கொஞ்சமே தேன். இதைத் தேடி வருவது பம்பிள்பீ என்ற ரோமம் அடர்ந்த பெரிய தேனீ. அதற்குச் சிறகு அசைக்காமலே சதையை நடுக்கி உடம்பைச் சூடேற்றிக் கொள்ளத் தெரியும். மற்றத் தேனீக்கள் முடங்கிக் கிடக்கும் குளிரிலும் அது வேலைக்குக் கிளம்பிவிடும். சிவப்பு நிறம் தேனீயின் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது; பறவைக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு பூவும் மிக நெருங்கிய பங்காளிகள். கண்ணாடி வீட்டில் கையால் மகரந்தம் தடவினால் விதை பிடிக்கிறது, முளைக்கிறது. கிளாஸன் குழுவின் ஹீஸியே வேறு இருவருடன் சேர்ந்து 1971-ல் இந்தப் பூக்களைப் பற்றி ஒரு தொகுதி வெளியிட்டார். ஆனால் காட்டில், இரண்டும் அருகருகே பூக்கும் நடு உயரத்தில், கலப்புச் செடி வெகு அபூர்வம். ஒரே தெருவில் குடியிருந்தும் கொள்வினை கொடுப்பினை இல்லை. ஏன்?

டக்ளஸ் ஷெம்ஸ்கே, டோபி பிராட்ஷா என்ற இருவர் இதைத் துருவினார்கள். இரண்டையும் கலந்து, அந்தக் கலப்பின் பிள்ளைகளைத் தங்களுக்குள் மறுபடி கலந்து, எல்லாக் குணமும் சிதறிக் கிடக்கும் ஒரு கூட்டத்தை உண்டாக்கினார்கள். ரோஜா, ஆரஞ்சு, சிவப்பு, அகலம், குறுகல், தேன் நிறைந்தது, தேன் வற்றியது, எல்லாம் உண்டு. அந்தச் செடிகளைக் காட்டில் வைத்து, எதற்கு யார் வருகிறார்கள் என்று, நம் லிப்ஷ்டாட் வாத்தியார் செய்தது போல, உட்கார்ந்து எண்ணினார்கள். 1999-ல் கணக்கு வெளியாயிற்று. பெரிய, வெளிறிய பூவைத் தேனீ விரும்புகிறது. சிவந்த, தேன் மிகுந்த பூவைப் பறவை விரும்புகிறது. இதழில் மஞ்சள் சாயத்தைக் கூட்டும் ஒரு மரபணு மட்டும் தேனீயின் வருகையை 80 சதவிகிதம் குறைத்தது. தேனைக் கூட்டும் ஒரு மரபணு பறவையின் வருகையை இரண்டு மடங்காக்கிற்று.

இது போதாது என்று மேலே போனார்கள். மஞ்சள் சாயத்தை ஆளும் அந்த ஓர் இடத்தை மட்டும், நான்கு தலைமுறை திரும்பத் திரும்பக் கலந்து, ஒரு ஜாதியிலிருந்து மற்றதற்கு மாற்றினார்கள். மற்றதெல்லாம் ஏறக்குறைய பழையபடியே. நிறம் மட்டும் வேறு. ரோஜா நிறத்து மலைப்பூ மஞ்சள் கலந்த ஆரஞ்சாயிற்று; செக்கச்செவேலென்ற கீழ்ப்பூ அடர்ந்த ரோஜாவாயிற்று. 2003-ல் வந்த முடிவைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆரஞ்சான மலைப்பூவுக்கு, முன்பு எட்டிப் பார்க்காத பறவை 68 மடங்கு அதிகமாக வந்தது. ரோஜாவான கீழ்ப்பூவுக்குத் தேனீ 74 மடங்கு அதிகமாக வந்தது. வடிவம் பழைய வடிவம், தேன் பழைய தேன், புடவை மட்டும் வேறு. மாப்பிள்ளை வீட்டார் மாறிவிட்டார்கள்.

சிறுகச் சிறுகத்தான் எல்லாம் மாறும் என்று பரிணாம சாஸ்திரத்தில் நெடுநாளாகச் சொல்லி வந்தார்கள். இங்கே ஒரே தாவலில் பெரிய தூரம். பறவைக்கோ தேனீக்கோ கதவு திறப்பது ஒரு தாவல். பிறகு மடிப்பும் நீட்டலும் தேனும் வடிவமும் மெள்ள மெள்ளச் சீர்ப்படும் என்று கொள்ளலாம்.

இந்த இடத்தில் பறவையும் தேனீயும்தான் எல்லாம் என்று நினைத்துவிடக் கூடாது. 2005-ல் வேறொரு சோதனையில், இரண்டு ஜாதியையும் கிளாஸன் குழு செய்தது போலவே வெவ்வேறு உயரங்களில் நட்டுப் பார்த்தார்கள். கீழ்ப்பூ உச்சியில் தேறவில்லை. மலைப்பூ கீழே வெயிலில் நிற்கவில்லை. ஆக, பெரும்பாலும் இவற்றைப் பிரித்து வைப்பது மலை. இரண்டும் சந்திக்கிற அந்தக் குறுகிய நடுப்படியில் மட்டும் பிரித்து வைப்பது விருந்தாளிகள். அங்கே அவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கு மேல் கலப்பைத் தடுத்துவிடுகிறார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

கொலராடோவில் பென்ஸில்வேனியா மலை என்று ஒரு மலை. ஊரின் பெயரை மலைக்கு வைத்துக் குழப்புவதில் அமெரிக்கர்களுக்கு ஈடு கிடையாது. அங்கே 'ஸ்கை பைலட்' என்ற நீலப் பூ. கேண்டஸ் கேலன் என்ற அம்மாள் பல வருஷம் இந்த ஒரு செடியையே கவனித்தார். மர எல்லையில் இருக்கும் பூக்கள் சின்னவை. ஸ்கங்க் என்ற பிராணியின் நாற்றம் வீசுபவை. ஈக்கள்தான் அதிகம் வரும். அதற்கு மேலே, மரமே இல்லாத வெட்டவெளியில் பூக்கள் பெரியவை, வாய் விரிந்தவை, இனிய மணம், பம்பிள்பீ வரும். உயரத்துக்குப் போனால் எல்லாம் சுருங்கும் என்று எதிர்பார்ப்போம். இங்கே பூ விரிகிறது. கீழே எறும்புத் தொல்லை அதிகம். இனிய மணமுள்ள பூவில் எறும்பு புகுந்து தேனைத் திருடிப் பூவையும் பாழாக்கும். நாற்றத்துக்கு எறும்பு வராது. நாற்றமும் ஒரு காவல்காரன்தான். பம்பிள்பீக்களை மட்டும் மகரந்தம் சேர்க்க விட்டு அடுத்த தலைமுறையை வளர்த்தபோது, பூக்களின் வாய் ஒரே தலைமுறையில் அளக்கக்கூடிய அளவுக்கு அகன்றிருந்தது.

இந்த மலையின் பம்பிள்பீக்களை 1966 முதல் 1980 வரை பிடித்து ஊசி குத்திப் பெட்டிகளில் வைத்திருந்தார்கள். அதே இடங்களில் அதே இரண்டு ஜாதித் தேனீக்களை 2012-க்குப் பிறகு பிடித்து, பழைய பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்து நாக்கை அளந்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. நாற்பது வருஷத்தில் நாக்கு ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. மலை சூடாகி, கோடைகள் வறண்டு, பூக்கள் குறைந்துபோன காலம் அது. ஆழமான குழலுள்ள பூக்களை மட்டும் நம்பியிருந்தால் பிழைக்க முடியாது. கிடைத்த பூவில் கிடைத்ததை உறிஞ்சுகிறவை தங்கின. குட்டை நாக்கு அதற்கு வசதி. கீழே வெயில் ஏறினால் உயிர்கள் ஒரு படி மேலே போகலாம் என்பார்கள். இவை ஏற்கெனவே மேல்படியில் இருக்கின்றன. நீண்ட குழலோடு அங்கே இன்னமும் பூக்கும் செடிகள் வருஷா வருஷம் கோடையில் வாயைத் திறந்து வைத்திருக்கின்றன. வருகிற தேனீக்களில் அடிவரை எட்டுகிற நாக்கு உள்ளவை முன்னைவிடக் குறைவு.